முப்பத்து நான்காம் கிலோமீட்டரில் தண்ணீர்

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஓட்டம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. மூன்று வாரத்துக்கு முன் நீ பெங்களூர் பஸ்ஸில் ஏறிய அன்றே சொல்லியிருக்க வேண்டும். நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கீழே நின்ற உன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாய். நான் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழக்கடையைப் பார்த்தபடி நின்றிருந்தேன். அடுத்த வருடம் மாரத்தான் ஓட்டம் இல்லை என்று மாதக் கடைசிக்குள் எல்லோருக்கும் எழுதிவிடப் போவதாக அவளிடம் சொன்னாய். "என் கையால ஒரு ஆள் போயிருப்பாரும்மா. திரும்ப என்னால முடியாது" என்றாய். அது என் காதில் விழுந்தது. உன் கையால் ஒன்றும் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு டஜன் மலைவாழைப்பழம் வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினேன். பஸ் போய்விட்டது. மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும்.

போனில் சொல்லியிருக்கலாம். நான்கு முறை கூப்பிட்டேன். நான்கு முறையும் சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று கேட்டுவிட்டு போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். வகுப்பில் முப்பது வருடமாகப் பருவக்காற்றையும் பாறை வகைகளையும் தடுமாறாமல் பேசுகிறவன் நான். வீட்டில் எனக்கு வாய் வராது என்பது உனக்கும் தெரியும். எழுதினால் ஒருவேளை நேராக வரும். வராவிட்டாலும் நீ கடைசி வரை படித்துவிடு. இதை யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம். காட்டினால் நல்லது என்றுகூட நினைக்கிறேன்.

நம் ஊரில் மாரத்தான் வைக்கப் போகிறேன் என்று நீ முதலில் சொன்னபோது நான் சிரித்தேன். சிறுமலை அடிவாரத்தில், சாணார்பட்டிப் பக்கம், கண்மாய்க் கரையும் பூக்காடும் மாந்தோப்பும் பார்த்துக்கொண்டே நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுவதற்கு மதராஸிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆள் வரும் என்றாய். மாசி மாதம் மாம்பூ வாசனையும் முதல் மல்லிகையும் சேர்ந்து வரும், அதுதான் சரியான நேரம் என்றாய். இங்கே இருக்கிறவனுக்கு மாசி என்றால் கிணற்றில் தண்ணீர் இறங்கத் தொடங்கும் மாதம். வெளியூர்க்காரனுக்கு அது அழகு. எனக்கு அந்த எரிச்சல் இருந்தது, இப்போதும் இருக்கிறது. பூக்காட்டு வரப்பில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு, இங்கே எவ்வளவு அமைதி என்று ஒரு பெண் சொன்னபோது, அந்தப் பூ பறிக்கிறவள் நான்கு மணிக்கு எழுந்தவள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. என் வாழ்க்கையில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டவைதான் அதிகம். சொல்லியவை பெரும்பாலும் சொல்லியிருக்கக் கூடாதவை.

ஆனால் ஆள் வந்தது. முழு ஓட்டத்துக்கு அறுபது பேர், பாதி ஓட்டத்துக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். சிறியதாகவே இருக்கட்டும் என்றாய். பஞ்சாயத்தில் பேசினாய், போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தாய், பூ ஏற்றிப் போகும் மொபெட்டுகளுக்கு ஒரு பக்கம் வழி விட வேண்டும் என்று நீயே போய் ஒவ்வொரு விவசாயியிடமும் பேசி முடித்தாய். ஓடி முடிக்கிறவர்களுக்குக் கழுத்தில் என்ன போடுவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது, திண்டுக்கல் என்றால் பூட்டுதானே, ஒரு சின்னப் பூட்டைக் கோத்துப் போடலாம் என்றாய். உன் அம்மா, "பூட்டை இவ மாட்டி விட்டுருவா, சாவிக்கு அவுக யார்ட்டப் போய் நிக்கிறது" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். கடைசியில் சின்னாளப்பட்டிச் சுங்குடித் துண்டு என்று முடிவானது. இந்த வீட்டில் நாம் மூவரும் சேர்ந்து சிரித்தது அதற்கு முன் எப்போது என்று எனக்கு நினைவில்லை. அதனால்தான் இது இன்னும் கனக்கிறது.

பாதையை அளக்கும் வேலையை நீ எனக்குக் கொடுத்தாய். புவியியல் வாத்தியாரை வீட்டில் வைத்துக்கொண்டு வெளியாளை ஏன் கூப்பிட வேண்டும் என்றாய். பழைய சைக்கிளின் முன் சக்கரக் கம்பியில் சிவப்பு நூல் கட்டி, பள்ளி மைதானத்தில் நூறு மீட்டர் அளந்து, சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்த்து, பிறகு நான்கு நாள் காலையில் நீ சைக்கிளை உருட்ட நான் பின்னால் நடந்து எண்ணினேன். இருபத்தோரு கிலோமீட்டர் சுற்று ஒன்று. முழு ஓட்டக்காரர்கள் அதை இரண்டு முறை சுற்ற வேண்டும். தலைமையாசிரியர் பதவியை எனக்கு இரண்டு வருடம் பின்னால் வந்தவனுக்குக் கொடுத்த பிறகு, என் படிப்பை மதித்து யாராவது ஒரு வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை. சுற்று எண்ணுவதில் ஒன்று தவறினாலும் திரும்பப் போய் முதலிலிருந்து எண்ணினேன். நீ அலுத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் நாம் பதின்மூன்றாவது கிலோமீட்டரில் வாய்க்கால் கரை தொடங்கும் இடத்துக்கு வந்தோம். உன் சித்தப்பாவின் தென்னந்தோப்பு வழியாகத்தான் அந்தக் கரைக்கு ஏற முடியும். ஏறிவிட்டால் இரண்டரை கிலோமீட்டர் இரு பக்கமும் தென்னையும் புளியும், வெயில் தரையில் விழாத நிழல். தோப்புக்குள் கிணறு. நீ சைக்கிளைத் தோப்புப் பக்கம் திருப்பினாய். நான், அந்தக் கரை வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாய். களிமண் கரை, உள்வாங்கும், ஓடுகிறவன் கால் பிரண்டுவிடும் என்றேன். நீ ஒரு கணம் கரையைப் பார்த்தாய். "நீங்க சொன்னாச் சரிப்பா" என்று சைக்கிளைத் தார்ச்சாலைப் பக்கம் திருப்பிவிட்டாய். தார்ச்சாலையில் போனால் இருநூறு மீட்டர் கூடுகிறது என்று தொடக்கத்தில் அதைக் குறைத்தோம். அந்தச் சாலையில் ஒரு மரம் கிடையாது, இரண்டு பக்கமும் பொட்டல்.

கரை கெட்டியாகத்தான் இருந்தது. எனக்குத் தெரியும். நான் பிறந்து வளர்ந்த கரை அது.

ஏன் பொய் சொன்னேன் என்று நீ இப்போது ஊகித்திருப்பாய். ஆனாலும் முழுக்கச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு இதில் பாதிதான் தெரியும். நம் பக்கத்தில் சொத்துப் பிரிக்கும்போது மூத்தவன் பங்கு போடுவான், இளையவன் முதலில் எடுப்பான். பங்கு போடுகிறவன் வஞ்சகம் செய்யாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. தாத்தா இறந்த வருடம் நான் கிராஃப் தாளில் அளவோடு வரைந்து இரண்டு பங்கு போட்டேன். ஒன்று ரோட்டு முகப்பு நிலம். மற்றது கிணறும் தோப்பும். உன் சித்தப்பா பத்தாவது தாண்டாதவன், லாரி வைக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், ரோட்டைத்தான் எடுப்பான் என்று கணக்குப் போட்டேன். அதற்காகவே ரோட்டுப் பங்கைக் கொஞ்சம் பெரிதாக, பார்வைக்கு நன்றாக இருக்கும்படி வரைந்தேன். தோப்பை எனக்கு என்று மனதில் வைத்துக்கொண்டுதான் கோடு போட்டேன். அவன் தாளைப் பார்க்கவே இல்லை. "எனக்குத் தோப்பு போதும்ணே" என்றான். பெரியவர்கள் முன்னால் அவன் எடுத்துவிட்டான், நான் ஒன்றும் சொல்ல முடியாது. அன்றைக்கு எல்லோருக்கும் இலை போட்டிருந்தார்கள். நான் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன். அவன் வீட்டில் இனிமேல் கை நனைக்க மாட்டேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தேன்.

பதினோரு வருடம் நனைக்கவில்லை. அவன் ஏமாற்றினான் என்று உன்னிடமும் உன் அம்மாவிடமும் ஊரிடமும் சொல்லிவந்தேன். ஏமாற்ற நினைத்தவன் நான். அது பலிக்காமல் போனது. இதை எழுதும்போதும் அவன் மேல் எனக்குக் கோபம் குறையவில்லை. அந்தக் கிணற்றை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

உனக்குப் பதினெட்டு வயதில் அவன் வீட்டுப் பால் காய்ச்சுக்கு நீ சொல்லாமல் போய்ப் பாயசம் சாப்பிட்டு வந்தாய். வந்து மறைக்காமல் சொன்னாய், அதுதான் உன் குணம். நான் ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. நீ கல்லூரி ஹாஸ்டலுக்குக் கிளம்பும் நாளிலும் பேசவில்லை. அந்த வருடம்தான் நீ ஓடத் தொடங்கினாய் என்று உன் அம்மா பிற்பாடு சொன்னாள். ஹாஸ்டலில் காலையில் எழுந்து, யாரோடும் பேசப் பிடிக்காமல், மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினாயாம். அதற்கு நான் காரணம் என்று பெருமைப்படவும் முடியவில்லை, வருத்தப்படவும் தெரியவில்லை.

இப்போது ஓட்ட நாளுக்கு வருகிறேன். எழுந்து போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருக்கிறது, உன் அம்மா கொடியில் கிடந்ததை எல்லாம் உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனாள். வினாத்தாள் என்றேன். இதிலும் ஒரு பொய்.

நான் தார்ச்சாலையில் தண்ணீர்ப் பந்தலில் இருந்தேன். முதல் சுற்றில் அது பதின்மூன்றாவது கிலோமீட்டர், இரண்டாம் சுற்றில் முப்பத்து நான்கு. என்னோடு இருந்தது பாண்டியம்மா, நம் தெருவில் பூ கட்டுகிறவள். டம்ளர் நீட்டுவதற்கு நீதான் அவளை அமர்த்தியிருந்தாய். காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஏழு மணிக்கு முதல் சுற்றுக்காரர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். எட்டரைக்கு வெயில் ஏறியது. ஒன்பதுக்கு மேல் தார் கொதிக்க ஆரம்பித்தது, வருகிறவர்கள் ஒரு டம்ளர் குடித்து ஒரு டம்ளரைத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். நாம் அதற்குக் கணக்கு வைக்கவில்லை. கேன்கள் குறைந்துகொண்டே வந்தன. நான் உனக்கு போன் செய்தேன். மறு லோடு கிளம்பிவிட்டது என்றாய். பத்து நிமிடத்தில் நீயே கூப்பிட்டு, லோடு ஆட்டோ பஞ்சர், வேறு வண்டி அனுப்புகிறேன், அரை மணி நேரம் சமாளியுங்கள் என்றாய். இதுவரை உனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு உன் சித்தப்பா வந்தான். டிராக்டரில், பின்னால் பெரிய தொட்டியில் கிணற்றுத் தண்ணீர். ஓட்டம் தோப்பு வழியாக வரும் என்று எதிர்பார்த்து அவன் அங்கே தொட்டி நிரப்பி வைத்திருந்தானாம். வரவில்லை என்றதும் இங்கே கொண்டுவந்தான். பந்தலுக்கு இருபது அடி தள்ளி நிறுத்தினான். நாங்கள் பேசி பதினோரு வருடம். அவன் என்னைப் பார்க்காமல் பாண்டியம்மாவிடம், "தண்ணி வந்துருக்குன்னு சொல்லுத்தா" என்றான். நானும் அவளிடமே, "நம்மகிட்ட இருக்குன்னு சொல்லு. எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றேன். அப்போது எங்களிடம் இருந்தது ஒன்றரை கேன்.

பாண்டியம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "சார், ஓடி வர்றவுகளுக்கு எந்த வீட்டுத் தண்ணின்னு தெரியவா போகுது?"

எனக்குத் தெரியும் என்றேன்.

அவன் தொட்டிக் குழாயைத் திறந்து தன் முகத்தைக் கழுவிக்கொண்டான். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அவன் போன பிறகு ஒரு கால் மணி நேரம் தண்ணீர் இருந்தது, பிறகு இல்லை. இருபது பேருக்கு மேல் இன்னும் வர வேண்டியிருந்தது. வந்தவர்கள் வெறும் கேன்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர்தான் கோயம்புத்தூர்க்காரர். என் வயதுதான் இருக்கும். நீலச் சட்டை, நரைத்த மீசை. "தண்ணி இல்லீங்களா?" என்று கேட்டார். இப்போது வந்துவிடும் என்றேன். "பரவாலீங்க" என்று சிரித்துவிட்டு ஓடினார். ஓடினார் என்று சொல்ல முடியாது, கால் இழுத்தது. முப்பத்தாறாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் விழுந்தார்.

அவரைத் தூக்கிக்கொண்டு போனது நீ. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தது நீ. இரண்டாம் நாள் அவர் மனைவி வந்து உன் முன் நின்றதை நான் சுவர் ஓரம் நின்று பார்த்தேன். அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. "ஏனுங்க, உங்க ஊர்ல ஒரு டம்ளர் தண்ணி குடுக்க ஆளில்லீங்களா?" என்று மட்டும் கேட்டார். நீ தலையைக் குனிந்துகொண்டு, என் தப்புதான் என்றாய். நான் இரண்டு அடி முன்னால் வந்திருந்தால் போதும். என் காலுக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் நான்கு தரைக்கல்தான் இருந்தது. எண்ணினேன், ஆனால் நகரவில்லை. அவர் பிழைத்துவிட்டார் என்று தெரிந்ததும், இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிழைக்காமல் இருந்திருந்தால் இன்னும் சொல்லியிருக்க மாட்டேன். அதையும் நீ தெரிந்துகொள்.

வந்திருந்த எல்லோருக்கும் நீ ஒரு கடிதம் அனுப்பினாய். பாதையைத் தேர்ந்தெடுத்ததும் தண்ணீர் ஏற்பாட்டைத் திட்டமிட்டதும் நான், தவறு முழுக்க என்னுடையது என்று எழுதியிருந்தாய். அனுப்பும் முன் என்னிடம் காட்டினாய், எழுத்துப் பிழை இருக்கிறதா பார்க்கச் சொல்லி. நான் ஒரு ஒற்றெழுத்தைத் திருத்திக் கொடுத்தேன். இதைவிடக் கேவலமாக ஒரு தகப்பன் என்ன செய்ய முடியும் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதைத் திருத்திய அதே நாளில், ஓட்டத்தன்று காலையில் பாதி ஓட்டக்காரர்களுக்குப் பரிசு கொடுத்த மேடையில் நீ நன்றி சொன்னபோது போலீஸ்காரர் முதல் பாண்டியம்மா வரை பெயர் சொல்லி என் பெயரைக் கடைசியில் சொன்னாய் என்று கேள்விப்பட்ட வருத்தமும் எனக்குள் இருந்தது. இரண்டும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் இருக்க முடிகிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், உனக்கும் என் ரத்தம்தான், உனக்குள்ளும் இந்த மாதிரி ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். இருந்தால் சீக்கிரம் எழுப்பி அனுப்பிவிடு. அவன் வயதாக ஆகப் பருத்துக்கொண்டே போவான்.

உனக்கு நான் சொல்ல வேண்டிய முதல் புத்திமதி, உன்னுடையதல்லாத தப்புக்கு மன்னிப்புக் கேட்காதே என்பது. அது பெருந்தன்மை போலத் தெரியும். ஆனால் தப்புச் செய்தவன் அதன் பின்னால் வசதியாக ஒளிந்துகொள்வான். எட்டு மாதம் நான் உன் மன்னிப்புக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன், நல்ல நிழல் அங்கே. இரண்டாவது, படம் வரைந்து கொடுக்கிறவனை நம்பாதே, அவன் உன் அப்பனாக இருந்தாலும். படத்தில் ஒரு கோடு வளைகிறது என்றால் அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சில வளைவுகளுக்கு வரைகிறவன் மனதைத் தவிர வேறு காரணம் இருக்காது. நீயே போய்க் கரையை மிதித்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். நீ மிதிக்காததற்குக் காரணம் என் மேல் இருந்த மரியாதை. அந்த மரியாதையை நான் எதற்குப் பயன்படுத்தினேன் பார்.

நீ போன மறு வாரம் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. உன் அறையில் நீ விட்டுப் போன ஆரஞ்சு நிறக் கூம்புகள் அடுக்கியபடி இருக்கின்றன, அவற்றை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லியிருந்தாய், என்னால் கொடுக்க முடியவில்லை. தோப்பில் அவன் மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்து ஏதோ வயரைச் சீவிக்கொண்டிருந்தான். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்தான், ஆனால் வயரைக் கீழே வைக்கவில்லை.

"என்னண்ணே, அளக்க வந்தீகளா?" என்றான்.

கரை கெட்டியாக இருக்கிறதா என்று கேட்டேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"ஆனையே நடக்கலாம். பொதபொதன்னு இருக்குன்னு நீங்கதான் பாப்பாகிட்டச் சொன்னீகளாம்."

நீ அவனிடம் சொல்லியிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. ஓட்டம் முடிந்த வாரம் நீ அவனைப் பார்க்கப் போயிருக்கிறாய். கரை வழியாக வைத்திருக்கலாம், அப்பா மண் சரியில்லை என்றார் என்று சொல்லியிருக்கிறாய். அவனுக்கு எல்லாம் தெரியும், கரையும் தெரியும், டிராக்டரைத் திருப்பி அனுப்பியது யார் என்றும் தெரியும். அவன் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவீகன்னு பாத்தேன்."

"எட்டு மாசமாவா?"

"பதினோரு வருசம் பாத்தவனுக்கு எட்டு மாசம் என்னண்ணே" என்றான். சொல்லிவிட்டு வயரைச் சீவத் தொடங்கினான்.

அவன் உன்னிடம் சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். சொல்லாமல் இருந்ததற்கும் கோபம் வந்தது. என்னைவிட அவன் பெரியவன் ஆகிவிட்டான் என்ற கோபம். கரையில் ஏறி அந்தக் கோடியில் இருக்கும் மதகு வரை நடந்தேன். இரண்டரை கிலோமீட்டர். இந்த முறை சுற்று எண்ணாமல், சைக்கிளைச் சும்மா தள்ளிக்கொண்டு. ஓரிடத்தில்கூடக் கால் அமுங்கவில்லை. முதல் நாள் மழை பெய்திருந்தும் அமுங்கவில்லை. மேல் சட்டையில் வெயில் விழவில்லை. அந்த நீலச் சட்டைக்காரர் இதில் ஓடியிருந்தால் சிரித்துக்கொண்டே போயிருப்பார் என்று தோன்றியது. மதகுச் சுவரில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

திரும்பி வந்தபோது அவன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். நான் வாங்கவில்லை. வாங்கிவிட்டேன் என்று எழுதினால் உனக்குப் பிடிக்கும், ஆனால் வாங்கவில்லை. கை போகவில்லை. அவன் அதைப் பக்கத்திலிருந்த தென்னங்கன்றுக்கு ஊற்றினான். பிறகு கேட்டான், "பாப்பா திரும்ப வைக்குதா ஓட்டம்?" தெரியவில்லை என்றேன். "வச்சா இந்தப் பக்கம் வரச் சொல்லுங்க. மோட்டாரப் போட்டு விட்டுர்றேன். நீங்க அன்னைக்கு வேற எங்கிட்டாச்சும் நின்னுக்கங்க" என்றான். அதில் குத்தல் இருந்தது. ஆனால் சொன்னது சரி. நான் தலையாட்டினேன்.

அதனால் உனக்கு நான் சொல்ல வந்தது இதுதான். மாதக் கடைசியில் நீ அனுப்பப் போகும் கடிதத்தை அனுப்பாதே. ஓட்டத்தை வை. மாசி வேண்டாம், தையில் வை, வெயில் ஏறுவதற்குள் முடியும். பாதையைக் கரை வழியாகக் கொண்டுபோ. நீயே அளந்துகொள், அல்லது வேறு யாரையாவது வைத்து அள. தண்ணீர்ப் பந்தலில் என்னைப் போடாதே, வேண்டுமானால் செருப்பும் பையும் பார்த்துக்கொள்ளும் இடத்தில் உட்கார வை. அங்கே யாருக்கும் கெடுதல் செய்ய எனக்கு வழி இருக்காது. எனக்காக நீ இதைச் செய்ய வேண்டாம். சித்தப்பாவுக்கும் எனக்கும் நடுவில் பாலம் போடுகிற வேலையும் வேண்டாம், அது எங்கள் சங்கதி, ஒருவேளை அப்படியே போய்விடும். நீ ஒரு நல்ல காரியத்தை நன்றாகத் திட்டமிட்டாய், அதில் ஒரு ஆள் தன் பழைய ஆத்திரத்தைச் செருகினான். அந்த ஆளுக்காக நீ உன் காரியத்தை விட்டுவிட்டால் அவன் செய்தது முழுசாக ஜெயித்துவிடும். இனிமேல் வேண்டாம் என்று நீயே முடிவெடுத்தால் அது வேறு, அப்போது அது உன் விருப்பம். நீ தப்புச் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு விடாதே. அதை மட்டும்தான் கேட்கிறேன்.

கோயம்புத்தூர்க்காரருக்கு இன்று காலையிலேயே ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டேன். உன் பதிவேட்டில் விலாசம் இருந்தது. அதில் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன்: டிராக்டரில் தண்ணீர் வந்தது, நான் திருப்பி அனுப்பினேன், என் மகளுக்கு அது தெரியாது. கீழே என் முழுப் பெயர், எம்.ஏ., பி.எட்., பள்ளியின் பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவரோ அவர் மனைவியோ என்ன செய்ய நினைத்தாலும் ஆளைத் தேட வேண்டியிருக்காது. போலீஸுக்குப் போனாலும், பள்ளிக்கு எழுதினாலும் சரி. அந்த அம்மா ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்வி உன்னிடம் கேட்டது இல்லை என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

இந்தக் கடிதத்தைத்தான் எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. ஒரு மணி நேரமாக இந்தத் தாளின் அடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தாளில் 'அன்புள்ள அப்பா' என்று எழுதிப் பார்த்தேன், படிக்கச் சகிக்கவில்லை. வெறும் 'அப்பா' என்று எழுதினேன். அதைப் பார்த்தால் நீ உடனே போன் எடுத்து, பரவாயில்லைப்பா என்று சொல்லிவிடுவாய். உன்னால் சொல்லாமல் இருக்க முடியாது. நீ அப்படிச் சீக்கிரம் சொல்லிவிடக் கூடாது. நீ கோபப்பட வேண்டும், எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள். அந்த வார்த்தையைக் கீழே போட்டு உன்னை அவசரப்படுத்த எனக்கு உரிமை இல்லை. மழை விட்டிருக்கிறது. மூன்று மணிக்குத் தபால் எடுக்க வருவார்கள். இரண்டு உறையையும் ஒட்டி எடுத்துக்கொண்டு போகிறேன். கோயம்புத்தூர் உறையில் கையெழுத்து இருக்கிறது. இதில் போடவில்லை. அந்த இடத்தில் இருக்கிறவனை என்ன என்று கூப்பிடுவது என்பதை நீ முடிவு செய்.